கணக்கு சார் சொல்லிக்கொடுத்த பத்தாம் வகுப்புப் பரீட்சை

எங்கள் கணக்கு சார் போன மாதம் காலமானார். கும்பகோணம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலமானால் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகளாவது நோட்டோடு உட்கார்ந்திருக்கும். காசு வாங்கமாட்டார். காரியத்துக்கு வந்திருந்த பழைய மாணவர்கள் பேசியதைக் கேட்டபோது தெரிந்தது, எந்த வருடம் படித்தவராக இருந்தாலும் எல்லோரிடமும் அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: "பேப்பர் திருத்தப்போறவனும் ஒரு மனுசன்தான்டா. அவனுக்குப் புரியற மாதிரி எழுது." இந்த வருடம் பொதுத்தேர்வு எழுதப்போகிற தம்பி தங்கைகளுக்காக அதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சார் வருடாவருடம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போவார். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. வெயில் காலம், காற்று வராத வகுப்பறை. திருத்துகிறவருக்கு உங்கள் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. நீங்கள் நல்ல பிள்ளையா, வகுப்பில் முதல் பெஞ்சா என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் பிரித்துப் போட்டிருக்கும். அந்தப் படி உங்கள் தாளில் கண்ணுக்குத் தெரிந்தால் மதிப்பெண் விழும். மனதுக்குள் போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதினால், அவர் எதற்கு மதிப்பெண் போடுவார்? ஜூனில் பள்ளி திறந்ததும் சார் முதலில் பாடம் எடுக்கமாட்டார். முகாமில் பார்த்ததைத்தான் சொல்லுவார்.

அவருக்குப் பிடித்த கணக்கு ஒன்று. 300க்கும் 600க்கும் இடையில் 7ஆல் வகுபடும் எண்களின் கூடுதல் காண்க. கெட்டிக்காரப் பையன்கள் ஓரத்தில் எதையோ கிறுக்கிவிட்டு 19264 என்று விடையை எழுதிவிடுவார்கள். சார் அப்படி விடமாட்டார். முதலில் 301, 308, 315 என்று தொடங்கி 595 வரை தொடரை எழுது. முதல் உறுப்பு 301, பொது வித்தியாசம் 7, கடைசி உறுப்பு 595 என்று தனித்தனி வரியில் போடு. உறுப்புகளின் எண்ணிக்கைக்கான சூத்திரத்தை எழுது, பிரதியிடு, 43 என்று கொண்டுவா. அப்புறம் கூடுதலுக்கான சூத்திரம், பிரதியிடல், விடை. கடைசியில் 43ஐ 448ஆல் பெருக்கும்போது கை தவறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை எழுதிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. விடையை மட்டும் எழுதி அதுவும் தப்பாகிப்போனால் மிஞ்சுவது பூஜ்யம்.

அரையாண்டுத் தேர்வுக்கு அவர் செய்ததைத்தான் நீங்கள் முக்கியமாகச் செய்து பார்க்க வேண்டும் என்பேன். எங்கள் தாள்களை மாற்றிக் கொடுத்து, கையில் சிவப்புப் பேனாவையும் விடைக்குறிப்பையும் கொடுத்துவிடுவார். அந்தப் பேனா கைக்கு வந்ததும் வருகிற கண்டிப்பு இருக்கிறதே! உருளையின் வளைபரப்புக்கு விடை சரியாக எழுதியும் 'ச.செ.மீ' போடவில்லை என்று என் பக்கத்துப் பெஞ்சுக்காரன் அரை மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டான். சாரிடம் முறையிட்டேன். தாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தவர், "அவன் பண்ணினது சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அலகு எழுதச் சொல்லி எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. இப்போது எல்லாத் தேர்வுக்கும் விடைக்குறிப்பு இணையத்தில் கிடைக்கிறது. ஒரு நண்பன் இருந்தால் போதும். ஆளுக்கொரு தாள் எழுதி மாற்றித் திருத்திக்கொள்ளுங்கள். பத்து மாதிரித் தேர்வு எழுதிவிட்டுத் திருத்தாமல் அடுக்கி வைப்பதைவிட, இரண்டு எழுதி ஒழுங்காகத் திருத்துவது மேல்.

வடிவியலும் வரைபடமும் அவருக்கு உயிர். தேற முடியாது என்று பள்ளியே கைவிட்ட பையன்களை அவர் கரையேற்றியது இவற்றை வைத்துத்தான். பழைய வினாத்தாள் முறையில் இவை இரண்டும் சேர்ந்து 20 மதிப்பெண், ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. "இருபதும் பதினஞ்சும் முப்பத்தஞ்சு, பாஸ்" என்று விரல் மடக்கிக் காட்டுவார். பிறகு பாடத்திட்டம் மாறியது. புதிய புத்தகம் 2019இல் வந்தது, கொரோனாவால் 2020லும் 2021லும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வே நடக்கவில்லை. ஓய்வில் இருந்த மனிதர் அந்தச் சமயத்தில் புதுப் புத்தகத்தை வாங்கி, எடுத்துக்காட்டு முதல் பயிற்சி வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். புது முறையில் வடிவியலும் வரைபடமும் தலா 8, ஆக 16. ஒரு மதிப்பெண் 14. கூட்டினால் 30தான். "இப்ப கூடுதலா மூணு ரெண்டு மார்க் கேள்வியும் போடணும்டா" என்று தன் கணக்கையும் மாற்றிக்கொண்டார். கணக்கு என்றாலே வயிறு கலங்குகிறவர்கள் இந்த 36ஐப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். ஆனால் ஒரு மதிப்பெண் வினாக்கள் எல்லாமே புத்தகப் பயிற்சியிலிருந்து அப்படியே வரும் என்று நம்பி விடையின் எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள்.

வரையும்போது உதவிப்படத்தை விடாதீர்கள். தொடுகோடு வரைந்தால் நீளத்தை அளந்து எழுதுங்கள். கிராஃபில் அச்சுகளுக்குப் பெயர், அளவுத்திட்டம், அட்டவணை எல்லாம் வேண்டும். படம் அழகாக இருந்து அளவுத்திட்டம் இல்லாத தாள்களைக் கட்டுக்கட்டாகப் பார்த்ததாகச் சொல்லி வருத்தப்படுவார்.

தேர்வறையில் 10 மணிக்கு வினாத்தாள் வரும். படிக்க 10 நிமிடம், விவரங்களை நிரப்ப 5 நிமிடம், 10.15 முதல் 1.15 வரை எழுதலாம். அந்த 10 நிமிடத்தில் முதலில் 28ஆவது, 42ஆவது வினாக்களைப் பாருங்கள். இரண்டும் கட்டாய வினாக்கள். மற்ற இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினாக்களில் எதை விடுவது என்று அப்போதே மனதில் முடிவு செய்துகொண்டால் நடுவில் தடுமாற வேண்டாம். கை தெளிவாக இருக்கும்போதே படங்களை வரைந்துவிட வேண்டும் என்பது சாரின் கட்சி. இதில் மட்டும் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. ஆரம்பத்தில் பதற்றப்படுகிற பிள்ளைகள் ஒரு மதிப்பெண்ணில் தொடங்கினால் மூச்சு சீராகிறது, காம்பஸ் வழுக்குவதில்லை. திருப்புதல் தேர்வில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்து உங்களுக்கு எது தோதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வருகிற அன்று தேறியவர்கள் மிட்டாய்ப் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போனால் ஆள் இருக்கமாட்டார். ஃபெயிலான பையன் வீட்டில் உட்கார்ந்து, அவன் அப்பாவிடம் துணைத்தேர்வைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். அதில் தேறிவிட்டால் அதே வருடம் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடலாம், ஒரு வருடம் வீணாகாது என்பது அன்றைக்குப் பல பெற்றோருக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாத வீடுகள் இருக்கின்றன. ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே விண்ணப்பத் தேதியை அறிவித்துவிடுவார்கள். மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் மறுகூட்டலுக்கும் அப்போதே விண்ணப்பிக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடாமல், அந்த வாரமே பள்ளிக்குப் போய் தலைமையாசிரியரைப் பாருங்கள்.