முக்கால் ஏக்கரில் மூன்றில் இரண்டு

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு பாடசாலையில் தரம் எட்டுக்கு நான் கணிதம் படிப்பிக்கத் தொடங்கியது 2011 இல். போர் முடிந்து மீளக் குடியேறிய சனம் தறப்பாளும் தகரமுமாக இருந்த காலம். பிள்ளைகள் இடையில் படிப்பைத் தொலைத்திருந்தார்கள். சிலருக்குப் பின்னத்தை எழுதும் முறைகூடப் பழக்கமில்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், ‘மேலோடு மேலைப் பெருக்கு, கீழோடு கீழைப் பெருக்கு’ என்று ஒரே நாளில் பின்னப் பெருக்கலைச் சொல்லி முடித்துவிட்டேன்.

பிள்ளைகளும் செய்தார்கள். 2/3 × 3/4 என்று கரும்பலகையில் எழுதினேன். 6/12 என்று விடை வந்தது. அப்போது பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பிக் கேட்டான்.

“சேர், இது முக்காலை விடக் குறைஞ்செல்லோ போச்சு? பெருக்கினாக் கூடத்தானே வேணும்?”

“பின்னத்துக்கு அப்பிடித்தான். எழுது” என்றேன். அவன் எழுதினான். அந்தப் பதில் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அந்த வகுப்பில் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து பெருக்கல் என்றால் பெருகுவது என்றே அவன் கண்டிருக்கிறான். சொல்லிலேயே அது இருக்கிறது. அவன் நம்பிக்கை எந்த இடத்தில் உடைகிறது என்று காட்டாமல் நான் அவனை இருத்திவிட்டேன்.

பதில் வேறொரு பிள்ளையிடமிருந்து வந்தது. வன்னியில் காலபோகத்துக்கு மாரி மழை இருக்கிறது, வயல் முழுக்க விதைக்கலாம். சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது. குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து, எவ்வளவு வயல் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அப்படியொரு கூட்டம் முடிந்த கிழமையில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“அப்பாவோட காணி அளக்கப் போனனான் சேர். எங்களுக்கு மூண்டு றூட் இருக்கு. மூண்டில ரெண்டு பங்குதான் விதைக்கலாமாம். அப்ப ரெண்டு றூட்.”

நாலு றூட் ஒரு ஏக்கர். மூன்று றூட் என்றால் முக்கால் ஏக்கர். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு றூட், அதாவது அரை ஏக்கர். நான் கரும்பலகையில் எழுதிய அதே கணக்கு! அவள் மேலையும் பெருக்கவில்லை, கீழையும் பெருக்கவில்லை. 6/12 என்ற எண் அவள் வாயில் வரவே இல்லை. முக்கால் ஏன் குறைந்தது என்று அவளிடம் யாராவது கேட்டிருந்தால், தண்ணி காணாது என்று சொல்லியிருப்பாள்.

அன்றைக்கே பிள்ளைகளை வெளியே வேப்பமர நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தடியால் மண்ணில் ஒரு பெரிய செவ்வகம் கீறி, இது ஒரு ஏக்கர் என்றேன். நெடுக்கே மூன்று வரம்பு போட்டதும் நாலு றூட். அதில் மூன்று அவளுடைய தகப்பனுடையது. பிறகு குறுக்கே இரண்டு வரம்பு. இப்போது எத்தனை துண்டு? பன்னிரண்டு. பகுதியெண்களை, அதாவது கீழே உள்ள எண்களை, ஏன் பெருக்குகிறோம் என்பது அந்த வரம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் இருக்கிறது. தண்ணீர் வரும் துண்டுகளில் இலை வைக்கச் சொன்னேன். மூன்று நிரலில் இரண்டு நிரை, ஆறு துண்டு. பன்னிரண்டில் ஆறு. கேள்வி கேட்டவன் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எண்ணினான். “பெருக்கல் எண்டு சொல்லாமல் ‘அதில இவ்வளவு’ எண்டு சொல்லியிருக்கலாம் சேர்” என்றான். அன்றிலிருந்து அப்படித்தான் சொல்லுகிறேன்.

சமவலுப் பின்னமும் அந்த மண்ணிலேயே கிடந்தது. பன்னிரண்டில் ஆறும், நாலில் இரண்டும், இரண்டில் ஒன்றும் ஒரே நிலம்தான், வரம்புதான் வேறு. ஒரு றூட்டுக்கு 40 பேர்ச், ஏக்கருக்கு 160. அப்படியென்றால் 3/4 ஏக்கர் 120/160. மேலும் கீழும் 40 ஆல் பெருக்குகிறோம், அதாவது 40/40 ஆல், அதாவது ஒன்றால். ஒன்றால் பெருக்கினால் நிலம் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. முன்பு சில பிள்ளைகள் மேலும் கீழும் ஒன்றைக் கூட்டி 1/2 உம் 2/3 உம் சமம் என்று எழுதுவார்கள். இரண்டையும் பேர்ச்சில் சொல்லச் சொன்னால் போதும். 80 எங்கே, 106 க்கு மேல் எங்கே என்று அவர்களே அழித்துவிடுவார்கள்.

நம் பழைய கணக்கில் 1/160 க்கு அரைக்காணி என்று பெயர். காணி என்பது 1/80, அதில் பாதி அரைக்காணி. ஏக்கரில் ஒரு பேர்ச் சரியாக அந்த அளவுதான். தற்செயலான பொருத்தம்தான், ஆனாலும் வகுப்பில் சொல்ல எனக்கு விருப்பம். அரைக்கால் என்ற சொல்லும் அப்படியே. காலில் அரை, எட்டில் ஒன்று. சொல்லுக்குள்ளேயே ஒரு பின்னப் பெருக்கல் இருக்கிறது.

தமிழ் ஒரு இடத்தில் பிள்ளைகளுக்குச் சிரமமும் தருகிறது. ‘மூன்றில் இரண்டு’ என்று பகுதியெண்ணை முதலில் சொல்லுகிறோம். எழுதும்போது இரண்டுதான் மேலே. காதில் விழுந்த வரிசைப்படி 3/2 என்று எழுதும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். கவனமில்லை என்று அதற்கு ஏசுவது நியாயமில்லை, அவர்கள் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறார்கள்.

அதனால் இப்போது கணக்குத் தொடங்க முன்னரே, விடை கூடுமா குறையுமா என்று கேட்டுவிடுவேன். போன தவணை ஒருவன் 2/3 ஐ 3/2 என்று எழுதி, 3/4 ஆல் பெருக்கி 9/8 எடுத்திருந்தான். குறையும் என்று முதலே சொன்னவன், விடையைப் பார்த்து அவனாகவே நின்றுவிட்டான்.

“எழுதினது பிழை சேர். இது மூண்டு றூட்டை ஒண்டரை மடங்காக்கினமாதிரி.”

“அப்ப எவ்வளவு காணி?”

கொப்பியைப் பார்க்காமலே சொன்னான். “ஒரு ஏக்கரும் அரை றூட்டும்.”