40 பன்றிகளும் ஒரு குழியானையும்: சிறுவர் நூலக அலமாரியிலிருந்து ஆட்டம் கட்டுவது

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டமான டேபிள்டாப் ஆர்பிஜியை நடத்தத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடிப்போவது, அட்டையில் டிராகன் சீறும் 200 பக்கச் சாகசப் புத்தகங்களை. அதற்கு முன் பக்கத்து நூலகத்தின் சிறுவர் பகுதியை ஒருமுறை துழாவலாம். கதைப் புத்தகங்களை விட்டுவிடுங்கள், அவற்றுக்குப் பிறகு வருவோம். கோட்டை, குகை, பாய்மரக் கப்பல், பூச்சி, எரிமலை என்று பக்கம் நிறையப் படம் போட்ட தகவல் நூல்கள்தான் நமக்கு வேண்டியவை. நான்கு பேர் மூன்று மணி நேரம் சுற்றிவர ஓர் இடமும், அதில் தொட்டு, உடைத்து, ஏமாந்துபோக ஆறேழு பொருள்களும் இருந்தால், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்குப் போதும். சிறுவர் நூலில் எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்களில் பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். பெரியவர்களுக்கான வரலாற்று நூலில் அதே விஷயம் 60 பக்கத்துக்கு நீளும், படமும் கிடைக்காது.

இதை விளையாட்டுத்தனம் என்று யாரும் ஒதுக்க முடியாது. இந்த வகை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வெளிவந்தது. அதில் பேர்பெற்ற ஆந்தைக்கரடியும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியும், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் கடையில் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்து உருவானவை.

எடுக்க வேண்டியது மூன்று புத்தகம்: ஓர் இடம், ஓர் உயிரினம், ஒரு வேலை. கோட்டை, பூச்சி, ரொட்டி சுடுவது என்று கலக்கலாம். குகை, ஆழ்கடல் மீன், மணி வார்ப்பது என்றும் கலக்கலாம். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூவி எண்படி அடுக்கிய நூலகமென்றால் பூச்சிகள் 595.7-ல், குகைகள் 551.447-ல், கோட்டைக் கட்டடங்கள் 728.81-ல், நாட்டுப்புறக் கதைகள் 398.2-ல் இருக்கும். சிறுவர் பிரிவில் புள்ளிக்குப் பிந்தைய எண்களைச் சுருக்கிவிடுவது வழக்கம் என்பதால் முதல் மூன்று எண்ணை மட்டும் பார்த்து அலமாரியையே மேய்வது மேல். ஐந்தாறு புத்தகம் அள்ளிக்கொண்டு போனால் எதுவும் உருப்படாது. மூன்றுக்கு மேல் போனால் ஆட்டம் பொருட்காட்சி ஆகிவிடும்.

படிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் படம், பிறகு படத்தைச் சுற்றியிருக்கும் குறிப்புகள், கடைசியாகத்தான் பத்தி. ஏ4 தாளை நான்காகக் கிழித்துத் துண்டுக்கு ஒரு விஷயம் எழுதுங்கள்: கண்ணுக்கு என்ன தெரிகிறது, அதை வைத்து என்ன செய்யலாம், எங்கே கெட்டுப்போகும். மூன்றாவது வரி எழுத வராத துண்டைத் தூக்கிப் போட்டுவிடலாம், எவ்வளவு சுவையான தகவலானாலும். ஆறு துண்டு தேறினால் ஒரு மாலைக்குக் காணும். பன்னிரண்டு எழுதினால் பாதிக்கு மேல் தீண்டப்படாமல் கிடக்கும்.

இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டையை எடுத்துக்கொள்வோம். கோட்டைகளைப் பற்றிய சிறுவர் நூல்கள் விரும்பிச் சொல்லும் முற்றுகை அது. 1215-ல் ஜான் மன்னனின் ஆட்கள் கோபுரத்தின் மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத் தூண்களால் முட்டுக்கொடுத்தார்கள். தின்ன லாயக்கில்லாத கொழுத்த பன்றிகள் 40 அனுப்பச் சொல்லி மன்னன் உத்தரவிட்டான். அந்தக் கொழுப்பால் தூண்களுக்குத் தீ வைத்ததும் மூலை சரிந்தது. உள்ளே குறுக்குச் சுவர் இருந்ததால், காவலர்கள் அதற்குப் பின்னால் போய்த் தொடர்ந்து நின்றார்கள். கடைசியில் அவர்களைப் பணியவைத்தது பசிதான். பிற்காலத்தில் அந்த மூலையை வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்று மூலைகளும் சதுரமாகவே நிற்கின்றன.

இந்த ஒரு பத்தியில் இரண்டு ஆட்டம் இருக்கிறது. வெளியே இருப்பவர்களுக்குப் பன்றி ஓட்டும் ஆட்டம்: 40 பன்றிகளோடு கிளம்பி, குறைந்தது 25-ஐக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆறு, காடு, பசித்த கிராமம், எதிரியின் ரோந்துப்படை என்று நான்கு இடைஞ்சல். ஒவ்வொன்றிலும் சொதப்பினால் இரண்டு 6 முகப் பகடை உருட்டி அத்தனை பன்றி காலி. சராசரி 7 என்பதால் இரண்டு சொதப்பலைத் தாங்கலாம், மூன்றாவதில் பெரும்பாலும் கதை முடியும். உள்ளே இருப்பவர்களுக்குச் சுரங்கத்தைக் கண்டுபிடிக்கும் ஆட்டம்: தரையில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, எங்கே அலை எழுகிறது என்று பார்ப்பது. ஒரு தாளில் ஆறு கட்டம் வரைந்து, அவர்கள் தாமதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கறுப்பாக்குங்கள். ஆறும் கறுத்தால் மூலை விழும். தாள் மேசை நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். ஒளித்து வைத்த கட்டங்களைப் பார்த்து யாரும் பதற மாட்டார்கள்.

சிறுவர் நூல்களில் பிழைகளும் உண்டு. கோட்டையின் சுழல் படி வலஞ்சுழியாக ஏறுவது, மேலிருந்து காப்பவனின் வாள் கைக்கு இடம் விடத்தான் என்று பல புத்தகங்கள் அடித்துச் சொல்லும். வரலாற்றாசிரியர்கள் இதை நம்புவதில்லை. ஆனால் ஆட்டத்துக்கு அது அருமையான விதி: கீழிருந்து தாக்கும் வலக்கைக்காரர் 20 முகப் பகடையை இரண்டு முறை உருட்டிச் சின்ன எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். இடக்கைக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. அதுவரை யாரும் சீண்டாத இடக்கைக்காரக் கதாபாத்திரம் அன்றைக்கு நாயகன்.

உயிரினத்துக்கு ஒரே விதிதான்: உருவத்தைப் பெரிதாக்கு, குணத்தை மாற்றாதே. வீட்டோர மணலில் கூம்புக் குழி தோண்டிக் காத்திருக்கும் குழியானைப் பூச்சியை எருமை அளவுக்கு ஊதிப் பாருங்கள். மணல் எந்தச் சரிவுவரை சரியாமல் நிற்குமோ அந்த விளிம்பில்தான் குழியின் சுவர் இருக்கிறது, அதனால் கால் பட்டதும் இடிகிறது. ஏற முயலும் எறும்பின் மேல் அது மணலை விசிறி எறியும். நகர்வதோ பின்பக்கமாக மட்டும். நெருப்பு கக்க வைக்கவோ பேச வைக்கவோ தேவையே இல்லை.

குழிக்கு நான்கு வளையம். ஒவ்வொரு சுற்றிலும் 20 முகப் பகடை உருட்டி, கதாபாத்திரத்தின் பலத்துக்கான எண்ணைக் கூட்டி, இலக்கு 12-ஐ எட்ட வேண்டும். தேறினால் ஒரு வளையம் மேலே, தவறினால் ஒன்று கீழே. +2 உள்ளவருக்கு வாய்ப்பு 55 சதவீதம். அதனால் தனியாக ஏறுவது நெடுநேரம் இழுக்கும், அந்த எரிச்சல் வரத்தான் வேண்டும். மேலிருந்து கயிறு விழுந்தாலோ, ஓடாமல் குப்புறப் படுத்து எடையைப் பரப்பினாலோ இலக்கு 8. சண்டை எண்களைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிநூலில் உள்ள பழுப்புக் கரடியை (அதன்மேல் அடி விழ எட்ட வேண்டிய எண்ணான ஏசி 11, அது தாங்கும் அடியின் அளவான ஹிட் பாயிண்ட் 34) அப்படியே எடுத்து, நகத்துக்குப் பதில் கொடுக்கு மாட்டினால் முதல் இரண்டு லெவல் ஆட்டக்காரர்களுக்குப் பொருந்தும். அது பின்பக்கமாகத்தான் போகும் என்பதற்கான தடயத்தை முன்கூட்டியே மணலில் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அது வெறும் கரடிதான்.

கதைப் புத்தகங்களிடம் கொஞ்சம் கவனம் வேண்டும். அவற்றின் கதையோட்டத்தை அப்படியே தூக்கி வந்தால் ஆட்டம் சரியாக இருபதாவது நிமிடத்தில் படுத்துவிடும். கதையில் ஒரு நாயகன், மேசையில் நான்கு பேர். கதையில் மூன்று முறை தப்பு செய்தால்தான் புத்தி வரும். ஆட்டக்காரர்கள் இரண்டாவது முறையே கதையில் வரும் கிழவியின் கதவை உடைத்துவிடுவார்கள். எடுக்கத்தக்கவை மூன்று: ஒரு பேரம், ஒரு தடை, ஒரு பொருள். ‘விடியும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது’ என்ற ஒரு தடையே ஒரு மாலை முழுதும் நிற்கும்.

அதிகம் நடக்கும் தவறு, வெட்டுத்தோற்றப் படத்தை அப்படியே மேசையில் விரிப்பது. சுவரைத் திறந்து எல்லா அறையையும் காட்டும் படம் கேம் மாஸ்டருக்கானது. ஆட்டக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் வெள்ளைத் தாளால் மூடி, அவர்கள் நிற்கும் தளத்தை மட்டும் வெட்டித் திறங்கள். இன்னொன்று, குறிப்புகளை வாய்விட்டுப் படித்துப் பாடம் நடத்துவது. கழிவறைக் குழாய் அகழியில் விழுகிறது என்று சொல்ல வேண்டாம். சுவரோரம் நாற்றம் வருகிறது என்று சொன்னால் போதும், ஏறலாமா என்று அவர்களே கேட்பார்கள்.

20 முகப் பகடை கைவசம் இல்லையென்றால் வீட்டுத் தாயக்கட்டையே நல்ல நிகழ்வுப் பட்டியல் தரும். 0, 1, 2, 3 குறித்த இரண்டு கட்டை என்றால் 16 விதமாக விழும். 3 விழ நான்கு வழி. 2-க்கும் 4-க்கும் மும்மூன்று. தாயத்துக்கும் 5-க்கும் இரண்டிரண்டு. 6-க்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்று. மழை, சத்தம் போன்ற சாதாரண நிகழ்வை 3-ல் வையுங்கள். குழியானை பன்னிரண்டில் இருக்கட்டும்.

நூலகப் புத்தகத்தில் பென்சில் கோடும் கூடாது, ஒட்டும் சீட்டும் கூடாது. பசை தாளில் தங்கிவிடும். பக்க எண்ணைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, வேண்டிய படத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டால் ஆட்ட நாளுக்கு முன்பே திருப்பித் தந்துவிடலாம்.