அர்ஜுனா விருதுக்கு விண்ணப்பித்த கதை

2018இல் விராட் கோலிக்கு, விளையாட்டில் நாட்டின் மிக உயர்ந்த விருதான கேல் ரத்னாவை அறிவித்தபோது டீக்கடையில் குரலை உயர்த்திச் சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன். மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா அந்த ஒரே ஆண்டில் காமன்வெல்த் போட்டியிலும் ஆசிய விளையாட்டிலும் தங்கம் வாங்கியிருந்தார். அவரை விட்டுவிட்டு பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவுக்கும் கோலிக்கும் கொடுத்தார்கள். புள்ளிக் கணக்கில் நான்தானே முன்னால் இருக்கிறேன், நீதிமன்றம் போவேன் என்று அவர் சொன்னார். நான் பஜ்ரங் கட்சி. எதிர்க்கட்சியில் பாதிப் பேருக்கு பஜ்ரங் என்ன விளையாட்டு என்றே தெரியாது. அடுத்த ஆண்டு அவருக்கும் பாராலிம்பிக் வீராங்கனை தீபா மாலிக்குக்கும் கேல் ரத்னா கிடைத்தது. நாங்கள் வேறு சண்டைக்குப் போய்விட்டோம்.

அந்த விருதுகளுக்குப் பின்னால் ஒரு படிவம் இருக்கிறது என்பதும், அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரப்ப வேண்டும் என்பதும் அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. 2024இல், கேல் ரத்னாவுக்கு அடுத்த படியான அர்ஜுனா விருதுக்காக நானே நிரப்பினேன்.

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பி.டி. வாத்தியார் என்றால்தான் ஊரில் புரியும். என்னிடம் படித்த பெண் ஒருத்தி மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா தடகளத்தில் குண்டு எறிகிறாள். தரையோடு பிணைத்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து எறியும் பிரிவு. இந்தியாவுக்காக விளையாடியிருக்கிறாள், பதக்கமும் வாங்கியிருக்கிறாள். எழுதுவதாக இருந்தால் பேரும் ஊரும் போட்டியும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள், அதனால் போடவில்லை.

விண்ணப்பிக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“விருதுங்கிறது அவங்களா பாத்துக் கூப்பிட்டுக் கொடுக்கிறது இல்லையா சார்? எனக்குக் கொடுங்கன்னு நானே எழுதிக் கேக்கிறதா?”

நானும் அப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். முன்பெல்லாம் சம்மேளனமோ மாநில அரசோ வேறு யாராவதோ பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். 2020இல் கொரோனா காரணமாகப் பரிந்துரை வாங்க அலைய முடியாது என்று வீரர்களே நேரடியாக விண்ணப்பிக்க அனுமதித்தார்கள். அப்புறம் அதுவே இணையதளம் வழியாக வழக்கமாகிவிட்டது. சங்கத்துக்காரர் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலைதான். ஆனால் சொந்தக் கையால் ‘நான் தகுதியானவள்’ என்று எழுதுவது சிலருக்குத் தொண்டையில் முள். ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்குக்கு 2001இல் தேடி வந்து அர்ஜுனா கொடுத்தபோது, காலம் கடந்து வருகிறது என்று வேண்டாம் என்றுவிட்டார். அப்படி மறுக்கவும் ஒரு உயரம் வேண்டும். இவளுக்கு வேண்டியிருந்தது விருது மட்டுமல்ல, அதோடு வரும் 15 லட்சமும்தான். அவளுடைய இரும்பு நாற்காலி மூன்று முறை வெல்டிங் பார்த்தது.

சரி என்று ஒப்புக்கொண்டாள். அவள் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். துணிக்கடைப் பை. அதற்குள்தான் பதினோரு வருஷமும் இருந்தது. சான்றிதழ்கள், போட்டி அடையாள அட்டைகள், செய்தித்தாள் கத்தரிப்புகள், ஒரு ரேஷன் கார்டு நகல். இரண்டு சான்றிதழ்களில் எண்ணெய்க் கறை.

இனிஷியல் விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதிகம் அல்லாடியது அதில்தான். பள்ளிச் சான்றிதழில் அவள் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து. ஆதாரில் அதே எழுத்து பெயருக்குப் பின்னால். பாஸ்போர்ட்டில் எழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. வெளிநாட்டுப் போட்டிகளில் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தானே எழுதுவார்கள்? ஒரு முடிவுப் பட்டியலில் அவள் அப்பா பெயர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. அவள் பெயர் பின்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது. அதாவது அந்தத் தாளின்படி பதக்கம் வாங்கியது அவள் அப்பா. மனிதர் வாழ்க்கையில் ஒரு கல்லைக்கூட எறிந்ததில்லை!

தமிழ்நாட்டில் பிறந்து வெளியூர் போன எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும். ஆனால் டெல்லியில் கோப்பைப் புரட்டுகிறவருக்கு மூன்று தாளில் மூன்று பெயர் என்றால் மூன்று பெண்கள். முத்திரைத் தாள் வாங்கி, இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி தட்டச்சு செய்து, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினோம். அவர் ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “எதுக்கும்மா, வெளிநாட்டு வேலைக்கா?” என்றார். அர்ஜுனா விருதுக்கு என்று சொன்னோம். எழுந்து நின்று கைகொடுத்தார். ஆனால் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது, ஒரு போட்டியின் சான்றிதழ் காணாமல் போயிருந்தது. அவள் கலந்துகொண்டதையும் வாங்கிய இடத்தையும் உறுதிசெய்து ஒரு கடிதம் வேண்டும். பொறுப்பிலிருந்த சங்கம் ஒன்றிடம் கேட்டோம். ‘அனுப்பிடறோம்’ என்றார்கள். ஒரு வாரம் போயிற்று. மறுபடி கேட்டால், யார் அனுமதியோடு நேரடியாக விண்ணப்பிக்கிறீர்கள் என்று எதிர்க்கேள்வி. அனுமதி தேவையில்லை என்ற அறிவிப்பையே அனுப்பினேன். அதற்குப் பதில் இல்லை. கடைசியில் கடிதம் வந்தது, தேதி தப்பாக. திருத்தி வாங்க இன்னும் நான்கு நாள். முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் இருந்தவன் என்பதால் எனக்கு இந்த மாதிரி மௌனங்கள் பழக்கம். அவளுக்குப் பழக்கமில்லை. “விடுங்க சார்” என்று இரண்டு முறை சொன்னாள்.

இதையெல்லாம் தாண்டி, உண்மையில் என்னை உட்கார வைத்தது நான்கு ஆண்டுக் கணக்கு. அர்ஜுனாவுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் தொடர்ந்து நன்றாக ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. மதிப்பெண்ணின் பெரும்பகுதி சர்வதேசப் பதக்கங்களுக்குத்தான். மிச்சம் தேர்வுக் குழு பார்த்துப் போடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுடைய மிகச் சிறந்த பதக்கம் 2018இல் வாங்கியது. எங்கள் ஊரில் ஊர்வலம் விட்டது அதற்குத்தான். படிவத்தைப் பொறுத்தவரை அப்படியொன்று நடக்கவே இல்லை. 2024இலிருந்து பின்னோக்கி நான்கு ஆண்டுகளை எண்ணினால் 2020 வந்து நிற்கிறது. டோக்கியோ பாராலிம்பிக்கே ஒரு வருஷம் தள்ளிப்போன காலம். மைதானம் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தில் நாற்காலியைக் கட்டி, மணல் மூட்டைப் பக்கம் எறிந்து பழகினாள். அதற்கு எந்தக் கட்டத்தில் எத்தனை புள்ளி?

அன்றைக்குத்தான் பஜ்ரங்குக்காக டீக்கடையில் நான் போட்ட சண்டையை நினைத்துக்கொண்டேன். புள்ளிப் பட்டியலை வேதம் மாதிரி மேற்கோள் காட்டியவன் நான். இப்போது அதே பட்டியல் என் மாணவிக்கு எதிராக நின்றதும், புள்ளியை மட்டும் பார்க்கலாமா என்று எனக்கே தோன்றியது. தேர்வுக் குழுவின் கையில் இருக்கும் அந்த மிச்ச மதிப்பெண் அதிகமாக இருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டேன். கோலிக்காகப் பேசியவர்களும் இதைத்தானே சொன்னார்கள்! (இதை இன்றுவரை டீக்கடையில் ஒப்புக்கொள்ளவில்லை.)

தலைமைப் பண்பு, ஒழுக்கம் பற்றியெல்லாம் எழுத வேண்டியிருந்தது. அதை அரை மணியில் முடித்தோம். ஊக்கமருந்து விவகாரம் எதுவும் இல்லை என்ற இடத்தில் அவள் கை தயங்கவே இல்லை. நவம்பரில், கடைசித் தேதிக்கு முந்தின இரவு இ-சேவை மையத்துப் பையன் ஒருவன் தயவில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அளவு பெரிது என்று தளம் திருப்பித் தள்ளத் தள்ள சுருக்கி, ஏற்றினோம். ஓடிபி அவள் போனுக்கு வரும், அவள் போனிலோ சார்ஜ் இல்லை. பதினொன்றரைக்கு ஒப்புகை வந்தது. பிரிண்ட் எடுத்து அவள் அம்மாவிடம் கொடுத்தேன். விருதே வந்துவிட்ட மாதிரி சாமி படத்துக்குக் கீழே வைத்தார்கள்.

டிசம்பரில் ஊரே வேறொரு விஷயம் பேசியது. பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாகரின் பெயர் கேல் ரத்னா பரிந்துரையில் இல்லை என்று செய்தி வந்தது. விண்ணப்பிக்கவில்லை என்றது அரசுத் தரப்பு. விண்ணப்பித்தோம் என்றது குடும்பம். விண்ணப்பிப்பதில் தன் பக்கம் ஏதோ தவறு நடந்திருக்கலாம் என்று அவரே பிறகு எழுதினார். டீக்கடையில் எல்லோரும் கொதித்தார்கள்: இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கின பெண் படிவம் வேற நிரப்பணுமா? எனக்குக் கொதிக்கவில்லை. கோபத்தை விட ஒருவிதத் திகில்தான் இருந்தது. நாடே முகம் அறிந்தவருக்கே ஒரு படிவத்தில் இடறுமென்றால், துணிக்கடைப் பையில் சான்றிதழ் வைத்திருப்பவளுக்கு? மனு பாகருக்காகப் பேச நாடு இருந்தது. 2025 ஜனவரி 2 அன்று வந்த இறுதிப் பட்டியலில் சதுரங்க வீரர் குகேஷ், ஹாக்கி வீரர் ஹர்மன்பிரீத் சிங், பாரா உயரம் தாண்டும் வீரர் பிரவீன் குமார் ஆகியோரோடு அவர் பெயரும் இருந்தது.

அர்ஜுனா பட்டியலில் 32 பெயர். இவள் பெயர் இல்லை.

ஊர் வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலையே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டுக்கு அநீதி என்றார் ஒருவர். மாரியப்பன் கதையை எடுத்தார் இன்னொருவர். ரியோவில் பாராலிம்பிக் தங்கம் வாங்கிய சேலத்துப் பையனுக்கு 2017இல் அர்ஜுனாதான் கொடுத்தார்கள், கேல் ரத்னாவுக்கு 2020 வரை காத்திருந்தார். ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வெண்கலமும் வாங்கிய சிந்துவுக்கும் சாக்‌ஷிக்கும் அதே வருஷம் கேல் ரத்னா. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வழக்கறிஞர் ஒருவர் வழக்குப் போடலாம் என்றார். குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமார் 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் போன பிறகுதான் அவருக்கு அர்ஜுனா வந்தது. ஊக்கமருந்துப் புகாரில் சிக்கிய வேறொருவரோடு அவரைத் தேர்வுக் குழு குழப்பிக்கொண்டிருந்தது. பெயர்க் குழப்பம் என்றதும் எனக்கு எங்கள் நோட்டரி தாள் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கியது. உண்மையிலேயே வழக்குப் போடலாமோ என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

மறுநாள் அவளிடம் கேட்டேன். போனில் பட்டியலைத் திறந்து நீட்டினாள்.

“இதுல யார் பேரை அடிக்கணும், சொல்லுங்க சார்.”

ஹொகாட்டோ செமா. நாகாலாந்துக்காரர், ராணுவத்தில் இருந்தபோது கண்ணிவெடியில் காலை இழந்தவர். பாரிஸில் குண்டு எறிதலில் வெண்கலம், அதுவும் உட்கார்ந்து எறியும் பிரிவில். இவளுடைய ஆட்டம்தான். துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ மூவரும் நம் ஊர்ப் பெண்கள், பாரிஸில் பாட்மின்டனில் ஒரு வெள்ளியும் இரண்டு வெண்கலமும். “தமிழ்நாட்டுக்கு அநீதின்னு எழுதினவர் இதைப் படிச்சாரா?” என்றாள். 32 பேரில் 17 பேர் பாரா வீரர்கள். பாரிஸிலிருந்து 29 பதக்கத்தோடு வந்த கூட்டம் அது. அவள் பாரிஸுக்குப் போகவே இல்லை.

நான் ஒவ்வொரு பெயராக இரண்டு முறை படித்தேன். அடிக்கலாம் என்று ஒரு பெயரும் தோன்றவில்லை. ஆனாலும் அவளுக்குத் தகுதி இல்லை என்றும் தோன்றவில்லை. இரண்டும் அப்படியே இருக்கின்றன, இன்றுவரை. குழுவில், தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள் என்று அவளே ஒரு வரி எழுதினாள். விட்டுவிட்டார்கள். பொங்கல் வாழ்த்துகள் வரத் தொடங்கியிருந்தன.

அவள் வழக்குப் பக்கம் போகவில்லை, ஆனால் பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிசெய்ய விண்ணப்பித்திருக்கிறாள். சான்றிதழ்களுக்குக் கடையில் பிளாஸ்டிக் உறைகள் உள்ள கோப்பு ஒன்று வாங்கினோம். போட்டி வாரியாக, வருஷ வாரியாக அடுக்கினாள். 2018 பதக்கத்தின் தாளைக் கடைசியில் வைத்தாள். பிறகு எடுத்து முதலில் வைத்தாள்.

ஜனவரி 17 அன்று குடியரசுத் தலைவர் மாளிகை விழாவைப் பயிற்சிக்கு நடுவே என் போனில் பார்த்தோம். வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா வாங்க முரளிகாந்த் பேட்கர் வந்தார். 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் தங்கம் கொண்டுவந்தவர். அப்போது எண்பது வயது. இவள் விரல் விட்டு எண்ணினாள். ஐம்பத்திரண்டு வருஷம் தாண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. கையில் சுண்ணாம்புப் பொடியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

“அவர் சர்டிஃபிகேட் எல்லாம் எதுல சார் வச்சிருந்திருப்பார்?”