முதல் பேருந்தில் பனிமலைக்கு

பனிமலைக்குப் போவதென்றால் கையைக் கடிக்கும் என்று எண்ணியே பல குளிர்காலங்களைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். அறை வாடகை, தனி வண்டி, பனிச்சறுக்குக் கட்டணம் என்று கணக்கெழுத உட்கார்ந்தால், பாதியிலேயே தாளை மடித்து வைத்துவிடுவேன். இந்த முறை நண்பர் ஒருவர், "ராத்திரி தங்கினால்தானே இவ்வளவு செலவு, விடியுமுன் கிளம்பி இருட்டுமுன் திரும்பிவிட்டால் என்ன?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பட்டியலின் முக்கால்வாசி அடிபட்டுப் போனது.

ஒரே பகலில் போய் வரும் பயணத்தைக் கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும் என்பதை நாங்கள் முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். குளிர்காலப் பகல் சிறியது. மலைகளுக்கு நடுவிலுள்ள ஏரியில் அது இன்னும் சிறியது, ஏனெனில் சூரியன் மறைவதற்கு வெகுநேரம் முன்பே மலையின் நிழல் பள்ளத்தாக்கை மூடிவிடுகிறது. ஆகவே கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய வண்டியைக் குறிவைத்தோம். கடைசி வண்டியைத் தவறவிட்டால், மிச்சம் பிடித்த பணமெல்லாம் ஒரே இரவில் அறை வாடகையாகப் போய்விடும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பதில் எனக்கும் நண்பருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. தடித்த மேலங்கி புதிதாக வாங்கத் தேவையில்லை என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். வீட்டிலிருக்கும் மெல்லிய உடைகளை மூன்றடுக்காக அணிந்து, காற்று புகாத மழைக்கோட்டு ஒன்றை மேலே போட்டுக்கொண்டால், அடுக்குகளுக்கிடையில் சிக்கிய காற்றே குளிரைத் தடுத்துவிடும். கால் விஷயத்தில்தான் நான் தவறு செய்தேன். நண்பர் அடிவாரத்துக் கடையில் பூட்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். நானோ என் ஓட்டக் காலணியும் பருத்திக் காலுறையும் போதுமென்று சாதித்தேன். பருத்தி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உடற்சூட்டை வெளியே கடத்திவிடும் என்பதும், கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைத் தாங்கி நிற்கும் என்பதும் ஏட்டளவில் எனக்குத் தெரிந்தவைதாம். முதல் அரைமணி நேர நடையிலேயே காலணியின் நாடாத் துளைகள் வழியே பனி புகுந்து உருகி, விரல்கள் முதலில் எரிந்து, பிறகு வலித்து, பிறகு எதுவும் தெரியாமல் போயின. வலி நின்றதும் நிம்மதியடைந்த என்னை, "மரத்துப்போனால்தான் ஆபத்து" என்று சொல்லி ஒரு பாறையில் உட்காரவைத்து, தன் பையிலிருந்த மாற்றுக் கம்பளிக் காலுறையை நண்பர் கொடுத்தார். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் காலணிக்குள் நுழைத்ததும்தான் நடக்க முடிந்தது.

பேருந்தைவிட்டு இறங்கிய அடிவாரத்தில் உடலைக் குத்திய குளிர், சரிவில் ஏறியபோது குறைந்தது எனக்கு வியப்பாக இருந்தது. பொதுவாக ஆயிரம் மீட்டர் உயர உயர வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறைய வேண்டும். ஆனால் காற்றோட்டமில்லாத தெளிந்த இரவுகளில், குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடுவதால், காலையில் அடிவாரமே அதிகம் குளிர்கிறது. மூடுபனிக்குள் நடக்கத் தொடங்கிய நாங்கள், ஒரு வளைவு தாண்டியதும் அதற்கு மேலே, கண்கூசும் வெயிலில் நின்றோம்.

கண்கூசும் என்பது வெறும் வருணனை அன்று. புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். உயரம் கூடக்கூட அக்கதிர்களின் வலிமையும் கூடும். கறுப்புக் கண்ணாடியைப் பகட்டு என்று நினைத்து வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அன்றிரவு கண்ணில் மணல் விழுந்ததுபோல் அவதிப்பட நேரும். புல் நுனியில் நிற்கும் துளியையும் மலையை மூடிய வெண்மையையும் நாம் 'பனி' என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். இரண்டாவதை நேரில் பார்த்தபோது சொல் போதவில்லை என்று தோன்றியது. அங்கே நின்று பேசினால் நம் குரலே நமக்கு அந்நியமாக ஒலிக்கிறது. புதுப்பனியில் பெரும்பகுதி காற்றுதான் என்பதால், அது பஞ்சைப்போல ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது.

ஏரிக்கு வந்து சேர்ந்தபோது நண்பகல். ஓரங்கள் இறுகி உறைந்திருக்க, ஓடை வந்து கலக்கும் மூலையில் மட்டும் கரிய நீர் திறந்து கிடந்தது. நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது; அதைவிடக் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே வந்து உறைவதால், பனிக்கட்டி ஏரிக்கு மூடியாகிவிடுகிறது. அடியில் 4 டிகிரிக்கு அருகிலேயே இருக்கும் நீரில் மீன்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மறுகரையோரம் சிலர் பனிக்கட்டிமேல் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கும் ஆசை பிறந்தது. ஒருவர் நடப்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்பார்கள். பனித்தூள் கலந்து வெளுத்த கட்டிக்கோ தெளிந்ததன் பாதி வலிமைதான் உண்டு. எங்கள் காலடியில் இருந்தது வெளுத்தது, பக்கத்திலேயே ஓடை, தடிமனை அளக்கக் கருவியும் இல்லை. கரையிலேயே நின்றுகொண்டோம்.

நின்றதும் நல்லதாயிற்று. நண்பர் ஒரு சிறு கல்லை எடுத்துப் பனிக்கட்டியின்மேல் வழுக்கிச் செல்லுமாறு எறிந்தார். கல் படும் ஓசையை எதிர்பார்த்த எனக்கு, ஏதோ பறவை கீச்சிட்டதுபோல, உச்சத்தில் தொடங்கிச் சட்டென்று தாழும் ஒலி கேட்டது. பனிக்கட்டித் தகட்டில் உயர்ந்த சுருதிகள் வேகமாகவும் தாழ்ந்தவை மெதுவாகவும் பயணிப்பதால், ஒரே தட்டலின் ஒலி பிரிந்து அப்படி வந்து சேர்கிறது. பிறகு நானும் எறிந்தேன். கையுறையைக் கழற்றி, பிளாஸ்க்கில் கொண்டுபோன வெந்நீரைக் குடிப்பதும், கல் பொறுக்குவதும், எறிவதும், காது கொடுத்துக் கேட்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. படம்பிடிக்கலாமென்று கைப்பேசியை எடுத்தால், குளிரில் மின்கலம் சோர்ந்து அது அணைந்துபோயிருந்தது. உட்பையில் உடலோடு ஒட்டி வைத்திருந்தால் தாக்குப்பிடித்திருக்கும்.

திட்டமிட்டபடியே மலையின் நிழல் ஏரியைத் தொட்டபோது கிளம்பினோம். நாள் முழுவதற்குமான செலவில் பேருந்துக் கட்டணமே முதலிடம். அடுத்தது நண்பரின் பூட்ஸ் வாடகை. என் பங்குக்கு, உலர மறுத்த ஒரு ஜோடி காலணி. வளைவில் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் எறிந்த கற்கள் வெண்மையின்மேல் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. வெயில் பட்டால் அவை சூடேறி, தமக்கடியிலுள்ள பனிக்கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கி உள்ளே இறங்குமாம். ஏரி உருகும் நாளில் அத்தனையும் அடியில் போய்ச் சேர்ந்திருக்கும்.