வைக்கிங் அம்புமுனை வாங்குமுன் அடிப்பகுதியைப் பாருங்கள்

வைக்கிங் (பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) அம்புமுனை என்ற பெயரில் விற்கும் நகல்களில் பலவற்றுக்கு அடியில் குழல் இருக்கும். அம்புத்தண்டு அதற்குள் நுழையும். அந்தக் காலத்து இங்கிலாந்து, பிராங்க் நாடுகள் (இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி) பக்கம் அது சரி. ஆனால் ஸ்வீடனில் வைக்கிங் கால வணிக ஊரான பிர்காவில் கிடைத்தவை பெரும்பாலும் காம்பு உள்ளவை. அங்கே காம்புதான் தண்டுக்குள் இறங்கும். ஸ்காண்டிநேவிய வேடம் கட்டுகிறவர்கள் இதைத்தான் கேட்டு வாங்கணும்.

குழல் வகை என்றால் பக்கவாட்டைப் பாருங்கள். தகட்டைச் சுருட்டி அடித்ததில் ஒரு இடைவெளிக் கோடு தெரியும். குறை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் அழகே! வழவழவென்று கடைசல் பிடித்த குழல்தான் சந்தேகத்துக்குரியது.

காம்பு மாட்டும்போது தண்டு பிளப்பதுதான் வழக்கமான தொல்லை. குறுகிக்கொண்டே போகும் காம்பு ஒரு ஆப்பு மாதிரி. சுத்தியலால் தட்டினால் மரம் விரியத்தானே செய்யும். முதலில் தண்டின் நுனியில் 2 செ.மீ. நீளத்துக்கு லினன் நூலை நெருக்கிச் சுற்றி, பசை தடவிக் காயவிடுங்கள். பிறகு காம்பின் நீளத்துக்குத் துளை. அகலம் காம்பின் நடுத்தடிமனைவிடச் சற்றுக் குறைவாக. பிர்ச் மரத் தாரைச் சூடாக்கித் துளையில் விட்டு, முனையைச் செருகி, தண்டை உருட்டிப் பாருங்கள். நுனி வட்டமடித்தால் தார் இறுகுமுன் திருத்திவிடலாம்.

சண்டைக் காட்சிக்கு இவை கூடவே கூடாது, மழுங்கலாக இருந்தாலும். அதற்கு அகலமான ரப்பர் முனைதான்.

வினிகரில் ஊறவைத்துப் பழசாக்கினால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசுங்கள். இல்லையென்றால் துரு பரவுவது நிற்காது.