ஷேஃபர் இறக்கத்தில் ஒரு பவர் வேகன்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள மோவாப் ஊரிலிருந்து கான்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேட்டுக்கு 32 மைல். இன்றைய காரில் முக்கால் மணி நேரம் போதும். பழைய டாட்ஜ் பவர் வேகனில் ஒன்றேகால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய முக்கால் டன் ராணுவ வண்டியிலிருந்து உருவாகி 1946-இல் விற்பனைக்கு வந்த லாரி இது. 230 கன அங்குல எஞ்சினுக்கு 94 குதிரைத்திறன்தான். ஆக்ஸில் விகிதம் 5.83, அதாவது சக்கரம் ஒருமுறை சுழல இயக்கத் தண்டு 5.83 முறை சுழல வேண்டும். மணிக்கு 45 மைலைத் தாண்டினால் எஞ்சின் அலறும். வேகத்துக்கல்ல, இழுக்கவும் ஏறவும் செய்த வண்டி.

இந்த வண்டிக்கு ஏற்ற பாதை ஷேஃபர் டிரெயில். கால்நடை மந்தைகள் இறங்கிய தடத்தை 1950-களில் யுரேனியத் தாது லாரிகளுக்காக அகலப்படுத்தினார்கள். ஏறத்தாழ 1,500 அடி இறக்கம், ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் வெறும் ஆகாயம்.

கிளம்புமுன் முதலில் பார்க்க வேண்டியது குளிரூட்டல். வாட்டர் பம்புக்குப் பின்னால், எஞ்சின் பிளாக்குக்குள் நீளமாக ஒரு தகட்டுக் குழாய் இருக்கிறது. பின் சிலிண்டர்கள் வரை தண்ணீரைப் பங்கிட்டு அனுப்புவது அதுதான். துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் தண்ணீர் முன்பக்கத்திலேயே சுற்றிவிடும். பின் சிலிண்டர்களின் வால்வு கருகும். வெப்பமானி முள் சாதாரணமாக நிற்கும்போதே சேதம் நடக்கலாம். ரேடியேட்டரையும் பம்பையும் கழற்றினால் குழாய் முன்பக்கமாக உருவி வரும். பல நேரம் துண்டு துண்டாகத்தான் வரும். எத்தனை வேலை என்றாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆயில் பாத் ஏர் கிளீனரில் (எஞ்சினுக்குப் போகும் காற்றின் தூசை எண்ணெயில் பிடிக்கும் வடிகட்டி) எண்ணெய் கோடு வரை இருக்கட்டும், இங்கே தூசு அதிகம். லாக் ரிங் (டயரை ரிம்மில் பூட்டும் இரும்பு வளையம்) வைத்த சக்கரத்தில் டியூப் இருப்பதால் காற்றை மிகவும் குறைக்காதீர்கள். டயர் ரிம்மில் நழுவிச் சுற்றினால் வால்வுத் தண்டு பிய்ந்துவிடும். அந்த ரிங்கைத் தொடுமுன் காற்றை முழுக்க இறக்குவது கட்டாயம். ரிங் தெறித்தால் உயிரே போகும். இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடப்புரி, கடிகாரத் திசையில் சுழற்றினால்தான் கழலும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேட்டு விளிம்பில் வண்டியை நிறுத்துங்கள். முன் ஆக்ஸிலைச் சேர்த்து, டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்ஸில்களுக்கு எஞ்சின் விசையைப் பங்கிடும் பெட்டி) லோவில், அதாவது குறைவேகப் பல்லில் போட்டு, இரண்டாம் கியரில் இறங்குங்கள். வண்டியைப் பிடித்துவைக்க வேண்டியது எஞ்சின், பிரேக் அல்ல. நான்கு பிரேக் டிரம்முக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்று. ஒரு குழாய் கசிந்தாலும் பெடல் அடிவரை போய்விடும். பாதி வழியில் கியர் மாற்றும் ஆசையும் வேண்டாம். ஆரம்பகாலக் கியர் பெட்டிகளில் சிங்க்ரோ (பற்களின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது. கிளட்சை மிதித்து நியூட்ரல், விட்டு ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு, மறுபடி மிதித்து கீழ் கியர். நம்மூரில் பழைய ஃபார்கோ ஓட்டிய டிரைவர்கள் இந்த டபுள் கிளட்சை நன்றாகவே அறிவார்கள். தவறினால் வண்டி நியூட்ரலில் உருளத் தொடங்கும். இந்தச் சரிவில் அது பேராபத்து.

முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி 126 அங்குலம். சில கொண்டை ஊசி வளைவுகளை ஒரே வெட்டில் திரும்ப முடியாமல் பின்னால் எடுக்க நேரலாம். அப்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரம் மேலே தூக்கினால் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) வழியாக வண்டி நகர்ந்துவிடலாம். சக்கரத்துக்கு அடை வைக்க, கூட வருபவர் கையில் இரண்டு மரக்கட்டை இருக்கட்டும்.

மழை பெய்திருந்தால் இறங்கவே வேண்டாம், களிமண் சோப்பாகிவிடும்.

கீழே பொட்டாஷ் சாலை வழியாக, பொட்டாஷ் உப்பு எடுக்க நீரை ஆவியாக்கும் நீலநிறக் குளங்களைக் கடந்து மோவாப் திரும்பலாம். தார் தொடங்கும் இடத்தில் லோவிலிருந்தும் முன் ஆக்ஸிலிலிருந்தும் வெளியே வாருங்கள். லீவர் இறுகி வராவிட்டால் அடித்து இழுக்காதீர்கள். பத்தடி பின்னால் எடுத்தால் முறுக்கம் தளர்ந்து தானாகக் கழன்று வரும். பிறகு ஒவ்வொரு டிரம்முக்கு அருகிலும் உள்ளங்கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அங்கே பிரேக் ஷூ உரசுகிறது.