பழைய கணினிக்குள் ஒரு எக்ஸ்பி

செங்கோட்டையில் மாமா நடத்தும் சிறிய அச்சகத்தில் திருமண அழைப்பிதழ் பெரும்பாலும் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமுமாகவே அச்சாகும். புனலூர், கொல்லம் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊரில் அது இயல்பு. பழைய கோப்புகள் அனைத்தும் பேஜ்மேக்கர் 7.0 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பொதுக் குறியீடான யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் உள்ளன. எம்எல்-டிடி கார்த்திகாவில் அடித்த மலையாளம், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அவற்றைத் திறந்துவந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் மதர்போர்டு போய்விட்டதால், என்னிடம் கிடந்த கோர் 2 டுயோ இ8400, 4 ஜிபி ரேம் கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸை நிறுவி, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக ஓட்டும் கேவிஎம் வழியாக அதற்குள் எக்ஸ்பியை ஓட்டிப் பார்த்தேன்.

முதல் தடை, கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் இருந்தது. ப்ராசஸரில் கேவிஎம்முக்குத் தேவையான விடி-எக்ஸ் வசதி இருந்தும் அது அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கி ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை; மின்இணைப்பையே பிடுங்கி மீண்டும் போட்ட பிறகுதான் கேவிஎம் எழுந்தது. எக்ஸ்பிக்குத் தரும் மெய்நிகர் வட்டுக்குப் பழைய ஐடிஇ வகையைத் தேர்ந்தேன், ஏனெனில் மெய்நிகர் கணினிகளுக்கென உள்ள விர்ட்ஐஓ வட்டுக்கான டிரைவர் எக்ஸ்பியின் நிறுவல் தட்டில் கிடையாது.

நிறுவல் எளிதாக முடிந்தது. தாராளமாக இருக்கட்டும் என்று எக்ஸ்பிக்கு 2 ஜிபி ரேம் கொடுத்ததுதான் என் பிழை. வெளியே ஃபயர்பாக்ஸும் திறந்திருக்க, டெபியன் நினைவகம் போதாமல் ரேமில் இருப்பதை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றி ஸ்வாப் செய்யத் தொடங்கியது. மறுநாள் எக்ஸ்பியில் மவுஸ் சுட்டிகூட விக்கி விக்கி நகர்ந்தது. ரேமை 512 எம்பியாகக் குறைத்த பின்னும் அது மாறாதது என்னைக் குழப்பியது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்தபோது விடை கிடைத்தது: வட்டிலிருந்து நேரே நினைவகத்துக்குத் தரவு போகும் டிஎம்ஏ என்று இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொன்றையும் ப்ராசஸரே சுமக்கும் பிஐஓ என்று இருந்தது. ஸ்வாப் நெரிசலில் வட்டிலிருந்து உரிய நேரத்தில் பதில் வராத பிழை ஆறு முறை சேர்ந்துவிட்டால், வட்டில்தான் கோளாறு என்று எண்ணி எக்ஸ்பி தானாகவே மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். காரணம் நீங்கினாலும் திரும்ப ஏறாது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தவுடன் டிஎம்ஏ திரும்பியது, சுட்டியும் சீராயிற்று.

ஒரு மந்தம் மட்டும் தீராது. இந்த ப்ராசஸரில், உள்கணினியின் நினைவக முகவரிகளை வன்பொருளிலேயே மாற்றித்தரும் இபிடி வசதி இல்லாததால், எக்ஸ்பியின் நினைவக அட்டவணைகளுக்கு கேவிஎம் தானே ஒரு நிழல் அட்டவணையை வைத்துப் பராமரிக்கிறது. புதிய மென்பொருளைத் திறக்கும்போது அந்த வேலை கூடுகிறது, திறந்தபின் குறைந்துவிடுகிறது. பக்கம் அமைக்கும் வேலைக்கு இது பெரிய குறையன்று.

2014 ஏப்ரல் 8-க்குப் பிறகு பாதுகாப்பு ஆதரவு இல்லாத எக்ஸ்பியை இணையத்தில் விட மனமில்லை. ஆகவே நெட்வொர்க் கார்டையே நீக்கிவிட்டு, கோப்புகளை ஐஎஸ்ஓ என்ற சிடி நகல் கோப்பாக்கி சிடி போல உள்ளே செலுத்துகிறேன். பேஜ்மேக்கரிலிருந்து, அச்சுப்பொறிக்கான பக்க மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பாக அச்சிட்டு, எக்ஸ்பியை நிறுத்திய பின் அதன் வட்டை டெபியனில் மவுண்ட் செய்து எடுத்து, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பிடிஎஃப் ஆக்குகிறேன். முதலில் எடுத்த அழைப்பிதழைப் பார்த்த மாமா, மலையாளப் பக்கத்தைக் கண்ணருகே பிடித்து ஒவ்வொரு கூட்டெழுத்தாகச் சரிபார்த்துவிட்டு, "மருமவனே, அடுத்ததையும் எடு" என்றார்.